பறக்காத விமானத்தின் பறத்தல்: பெங்களூருவின் போர் விமானங்களும் சிமுலேட்டரும்

இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் ஜெர்மனியின் வரைபலகைகளில் உருவாகி, ஒருமுறைகூட வானில் ஏறாமலே முடிந்துபோன போர் விமானத் திட்டங்களுள் ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்தின் டா 183 குறிப்பிடத்தக்கது. 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் அரசு அவசரமாக நடத்திய வடிவமைப்புப் போட்டியில் தேர்வுபெற்ற இந்த ஒற்றை ஜெட் எந்திர விமானத்தின் முதல் மாதிரி கட்டிமுடிக்கப்படுவதற்கு முன்பே, அந்நிறுவனத்தின் வடிவமைப்பு அலுவலகம் இயங்கிவந்த பாட் ஐல்சன் நகரம் அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டிஷ் படைகளின் கைக்குப் போய்விட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2006இல் வெளிவந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்: 1946' என்னும் கணினி மென்பொருளில், எவரும் கட்டாத அந்த விமானம் ஓட்டிப் பார்க்கக்கூடிய விமானங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் அந்த விமானத்தின் பின்னாலிருந்த சிந்தனை எங்கே சென்றது என்று தேடுபவர், அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரத்தைக் கடந்து, பெங்களூருவின் கிழக்குப் புறத்தில் அமைந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்து சேர்வார்.

ஃபிளைட் சிமுலேட்டர் என்பது விமானத்தை ஓட்டும் அனுபவத்தைத் தரையிலிருந்தபடியே பாவனையாக உண்டாக்கும் ஏற்பாடு. விமானிகளைப் பழக்குவதற்காக அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய பயிற்சிப் பெட்டியில் தொடங்கிய இக்கலை, கணினிகள் வீடுகளுக்குள் வந்தபின் ஆர்வலர்களின் பொழுதுபோக்காகவும் வளர்ந்தது. அதில் ஒரு விமானத்தைப் புதிதாகச் சேர்ப்பவர் செய்யவேண்டிய வேலையில், உடலின் முப்பரிமாண வடிவம், விமானி அறையின் அளவுமானிகள், எந்திரத்தின் ஓசை, மேற்பூச்சு ஆகியவை கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் பகுதி. வரைபடங்களும் புகைப்படங்களும் கிடைத்தால் பொறுமையுள்ள ஒருவரால் இதை முடித்துவிட முடியும். கண்ணுக்குத் தெரியாத பகுதியே கடினமானது. இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் சந்தித்தால் எவ்வளவு தூக்குவிசை பிறக்கும், எந்தக் கோணத்தில் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து 'ஸ்டால்' எனப்படும் தூக்குவிசை இழப்பு நேரும், ஒலிவேகத்தை நெருங்கும்போது இழுவை எவ்வளவு கூடும், எந்திரத்தின் உந்துவிசை உயரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப எப்படி மாறும், விமானத்தின் எடை அதன் உடலில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பனவற்றுக்கெல்லாம் எண்களைக் கொண்ட அட்டவணைகள் வேண்டும். பறத்தல் மாதிரி என்று சொல்லப்படும் இந்த எண்களின் தொகுதிதான் சிமுலேட்டருக்குள் உண்மையில் பறப்பது.

இந்த எண்கள் கிடைக்காதபோது அவற்றை வருவித்துக்கொள்ளும் வழிகளும் உண்டு. எக்ஸ்-பிளேன் என்னும் சிமுலேட்டர் இறக்கையைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் செயல்படும் விசையைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுகிறது. மூலநிரல் திறந்துவைக்கப்பட்ட ஃபிளைட்கியர் சிமுலேட்டரில் பயன்படும் யாசிம் என்னும் நிரல், விமானத்தின் வடிவ அளவுகளோடு அதன் தரையிறங்கும் வேகத்தையும் நீள்பயண வேகத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு, அவ்விரண்டுக்கும் பொருந்தும்படி தூக்குவிசையையும் இழுவையையும் தானே சரிசெய்துகொள்கிறது. இம்முறைகளால் எந்த விமானத்தையும் பறக்கவைத்துவிடலாம் என்பது உண்மை. அப்படிப் பறப்பது அந்த விமானம்தானா என்பதை, அதை ஓட்டிய ஒருவரின் பதிவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஒப்பிடுவதற்குப் பதிவே இல்லாத விமானத்தைச் சேர்ப்பவர் எதைப் பற்றிக்கொள்வது என்னும் கேள்வியைப் பெங்களூருவின் வரலாறு வேறொரு வடிவத்தில், கணினிக்கு முன்பே, சந்தித்திருக்கிறது.

பெங்களூருவில் போர் விமானத் தொழில் தொடங்கியது 1940ஆம் ஆண்டு டிசம்பரில். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், 1939இல் பசிபிக் பெருங்கடலைக் கடந்த ஒரு விமானப் பயணத்தின்போது, சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திவந்த அமெரிக்கரான வில்லியம் பாலியைச் சந்தித்ததிலிருந்து இந்தத் திட்டம் வளர்ந்தது. திவான் மிர்சா இஸ்மாயிலின் ஊக்கத்தால் மைசூர் அரசு நிலமும் பங்கு முதலும் அளித்து முன்வந்தமையால், மற்ற நகரங்களை விடுத்துப் பெங்களூரு தேர்ந்தெடுக்கப்பட்டது. நான்கு கோடி ரூபாய் அங்கீகரிக்கப்பட்ட முதலுடன் டிசம்பர் 23 அன்று ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பதிவாயிற்று. 1941 ஆகஸ்டில் ஹார்லோ என்னும் பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்ட இத்தொழிற்சாலை, அமெரிக்காவின் கர்டிஸ் நிறுவனத்தின் ஹாக் 75 போர் விமானங்கள் நாற்பத்தெட்டைக் கட்டித்தர ஒப்புக்கொண்டிருந்தது. அவற்றுள் முதலாவது 1942 ஜூலை 31 அன்று சோதனையாகப் பறந்தது. ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றி இந்திய எல்லையை நெருங்கிவிட்ட அந்நாட்களில், புதிதாக விமானம் கட்டுவதைவிடப் போர்முனையில் சேதமடைந்தவற்றைப் பழுதுபார்ப்பதே அவசரமாயிற்று. அதனால் மேலும் நான்கு விமானங்கள் முடிக்கப்பட்டதோடு ஹாக் திட்டம் கைவிடப்பட்டது. வால்சந்தின் பங்குகளை இந்திய அரசு 1942இல் வாங்கிக்கொண்டது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் பழுதுபார்ப்பு நிலையமாக மாறி, மிட்செல் குண்டுவீச்சு விமானங்களையும் கட்டாலினா கடல் விமானங்களையும் டகோட்டா போக்குவரத்து விமானங்களையும் செப்பனிட்டது.

பெங்களூருவில் கட்டப்பட்ட ஐந்து ஹாக் விமானங்களும் எண்ணிக்கையில் அருமையானவை. ஆனால் சிமுலேட்டரில் சேர்ப்பவருக்கு அவை எளியவை. 1935இல் முதன்முதலாகப் பறந்த ஹாக் 75 பல நாடுகளின் விமானப்படைகளில் ஓடியது. அமெரிக்கப் படை அதை பி-36 என்றும் பிரிட்டிஷ் படை மோஹாக் என்றும் அழைத்தன. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பிரிட்டிஷ் விமானப்படையின் 5ஆவது, 155ஆவது ஸ்குவாட்ரன்கள் 1944ஆம் ஆண்டின் தொடக்கம் வரை மோஹாக்குகளை ஓட்டின. இறக்கை அகலம் 11.4 மீட்டர், ஒன்பது சிலிண்டர்களைக் கொண்ட ரைட் சைக்ளோன் எந்திரம் ஏறக்குறைய 1,200 குதிரைத்திறன் என்று அளவுகள் அனைத்தும் அச்சில் இருக்கின்றன. பறக்கும் நிலையிலுள்ள ஒரு ஹாக் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் இன்றும் பராமரிக்கப்படுகிறது. இத்தகைய விமானத்தில் சிமுலேட்டர் ஆர்வலரைத் தடுமாறவைப்பவை சிறு நுணுக்கங்களே. பிரான்சுக்காகக் கட்டப்பட்டு, அந்நாடு வீழ்ந்தபின் பிரிட்டன் எடுத்துக்கொண்ட மோஹாக்குகளில் அளவுமானிகள் மெட்ரிக் முறையில் இருந்தன. எந்திரத்தின் விசையைக் கூட்டும் கைப்பிடியும் பிரெஞ்சு வழக்கப்படி, பிரிட்டிஷ் விமானிகள் பழகியதற்கு நேரெதிர்த் திசையில் இயங்கியது.

டா 183இன் நிலை இதற்கு முற்றிலும் மாறானது. ஃபோக்கே-வுல்ஃபின் தலைமை வடிவமைப்பாளரும் தாமே சோதனை விமானியுமான குர்ட் டாங்க், 1939இல் பறந்த எஃப்டபிள்யூ 190 போர் விமானத்தால் புகழ்பெற்றவர். போரின் பிற்பகுதியில் அந்நிறுவனத்தின் விமானங்கள் 'டா' என்று அவருடைய பெயரின் முதல் எழுத்தைத் தாங்கத் தொடங்கின. அவருடைய குழுவைச் சேர்ந்த காற்றியக்க அறிஞர் ஹான்ஸ் முல்தோப் வகுத்த டா 183இன் வடிவத்தில், 40 பாகை அளவுக்குப் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளும், மிகையாகச் சாய்ந்த செங்குத்து வாலின் உச்சியில் கிடைவாலும் அமைந்திருந்தன. அதில் பொருத்தவேண்டிய ஹைன்கெல் எச்இஎஸ் 011 ஜெட் எந்திரமே அப்போது உற்பத்திக்கு வந்திருக்கவில்லை. வேகம் இவ்வளவு, ஏறும் திறன் இவ்வளவு என்று நூல்களில் காணப்படும் எண்களெல்லாம் போட்டிக்காக நிறுவனம் தானே கணித்துக் கொடுத்தவை. அதாவது, விற்க விரும்பியவரின் மதிப்பீடுகள். எந்திரமும் இல்லை, விமானமும் இல்லை, ஓட்டியவரும் இல்லை என்றிருக்கும் இடத்தில் சிமுலேட்டர் காட்டுவது, வடிவமைப்பாளரின் நம்பிக்கையைத் தவிர வேறாக இருக்க முடியாது. சோவியத்தின் மிக்-15 இந்த வடிவத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று பலகாலம் சொல்லப்பட்டுவந்த கதையும் டா 183க்கு அதன் தகுதிக்கு மீறிய ஒளிவட்டத்தைத் தந்துவிட்டது. இரண்டின் தோற்றத்திலும் ஒற்றுமை இருந்தாலும் மிக்-15 தனியான ஆய்வின் வழியே உருவானது என்பதே இன்று வரலாற்றாசிரியர் பெரும்பாலோரின் கருத்து.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதற்குக் கிடைக்கும் ஒரே மறைமுகச் சான்று அர்ஜென்டினாவில் இருக்கிறது. போருக்குப்பின் 1947இல் பேத்ரோ மத்தியெஸ் என்ற மாற்றுப்பெயரில் அந்நாட்டுக்குச் சென்ற டாங்க், அதிபர் பெரோனின் ஆதரவில், கோர்தோபாவின் விமான ஆய்வு நிறுவனத்தில் டா 183இன் கருத்தை வளர்த்தெடுத்து 'புல்கி 2' என்னும் போர் விமானத்தை வடிவமைத்தார். எந்திரமில்லாத கிளைடர் வடிவில் முதலில் சோதிக்கப்பட்ட இவ்விமானம், பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் நீன் எந்திரத்துடன் 1950 ஜூனில் பறந்தது. டாங்கும் அதைத் தாமே ஓட்டிப் பார்த்தார். ஆனால் 1951லும் 1952லும் நேர்ந்த விபத்துகளில் இரு விமானிகள் இறந்தனர். இரண்டாவது விபத்தில் இறந்த ஓட்டோ பேரன்ஸ், ஜெர்மனியிலிருந்து டாங்குடன் வந்த சோதனை விமானி. மேலே தூக்கிவைத்த கிடைவால், விமானம் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தும்போது இறக்கையிலிருந்து பிரிந்துவரும் கலங்கிய காற்றுக்குள் சிக்கிச் செயலற்றுப்போகும் ஆபத்து இத்தகைய வடிவங்களுக்கு உண்டு என்பதைப் பின்னாளைய விமானவியல் நன்கறியும். டா 183ஐத் திரையில் சேர்ப்பவர் இந்தக் குணத்தைச் சேர்க்காமல் வேகத்தை மட்டும் சேர்த்தால், போட்டி விண்ணப்பத்தைத்தான் பறக்கவைக்கிறார்.

1955 செப்டம்பரில் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தபின் அங்கிருந்த ஜெர்மன் குழு கலைந்தது. இந்திய அரசின் அழைப்பை ஏற்று டாங்க் 1956 ஆகஸ்டில் தம் துணைவர் லுட்விக் மிட்டல்ஹூபருடன் பெங்களூருவுக்கு வந்தார். பின்னர் அவருடைய குழு பதினெட்டுப் பேராக விரிந்தது. இந்திய விமானப்படை கேட்டது எளியதன்று: ஒலியைப்போல் இருமடங்கு வேகம், 60,000 அடி உயர எல்லை, 500 மைல் தாக்குதல் சுற்றளவு, இவற்றோடு தரைத்தாக்குதலுக்கும் வான்போருக்கும் ஒருங்கே உதவும் அமைப்பு. வி. எம். கட்கேயின் வடிவமைப்பில் 1951இல் எச்டி-2 என்னும் பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்ட வடிவமைப்பு அனுபவமே அதுவரை தொழிற்சாலையிடம் இருந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் 1942 டிசம்பரில் தொடங்கப்பட்ட விமானவியல் துறையும், 1950களில் அங்கே சதீஷ் தவான் உருவாக்கிய சிறிய மீயொலிக் காற்றுச் சுரங்கங்களும் நகரத்தின் அறிவுமுதலாக இருந்தன. காற்றுச் சுரங்கம் என்பது விமானத்தின் சிறு மாதிரியை நிலையாக நிறுத்தி, அதன்மீது காற்றை வேகமாகப் பாய்ச்சி விசைகளை அளக்கும் குழாய். ஒலிவேகத்துக்குக் கீழும் மேலும் அளக்கவல்ல பெரிய சுரங்கம் பெங்களூருவில் இயங்கத் தொடங்கியது 1967இல்தான். அதற்குள் டாங்கின் விமானம் படைக்கே சென்றுவிட்டது.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட அவர்கள் கையாண்ட வழி, டாங்க் வடிவமைத்துவந்த எச்எஃப்-24 போர் விமானத்தின் முழு அளவு வடிவத்தை மரத்தால் கட்டிப் பறக்கவிடுவது. எக்ஸ்-241 என்று பெயரிடப்பட்ட, இருவர் அமரக்கூடிய அந்தக் கிளைடர், திட்டமிட்ட விமானத்தின் அளவுகளையும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தையும் கட்டுப்பாட்டுப் பலகைகளின் அமைப்பையும் அப்படியே பின்பற்றியது. இறக்கை மடிப்புகளும் காற்றுத்தடைப் பலகைகளும் உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரங்களும் அதில் உண்மையாகவே இயங்கின. 1959 ஏப்ரலில் ஒரு டகோட்டா விமானம் அதைக் கயிறுகட்டி இழுத்துக்கொண்டு மேலேறியது; விடுவிக்கப்பட்டபின் விமானிகள் அதன் குணத்தைச் சோதித்தபடி சறுக்கி இறங்கினர். ஏறக்குறைய ஓராண்டுக்குள் பலமுறை பறந்த அந்தக் கிளைடர், முன்சக்கரம் வெளிவராமல் தரையிறங்க நேர்ந்தபோது பெரும் சேதமடைந்தது.

இன்றைய கணக்கில் பார்த்தால் எக்ஸ்-241 ஒரு சிமுலேட்டர்தான். இன்னும் கட்டப்படாத விமானம் தரையிறங்கும் வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும், கட்டுப்பாடுகள் கைக்குக் கனக்குமா, மடிப்புகளை இறக்கியதும் மூக்கு எழுமா தாழுமா என்னும் கேள்விகளுக்கு அது விடைதந்தது. சமன்பாட்டுக்குப் பதிலாக மரமும், கணினிக்குப் பதிலாகப் பெங்களூருவின் காற்றும் கணக்கைப் போட்டன. அதன் எல்லையும் அதிலேயே தெரிந்தது. எந்திரமில்லாத கிளைடர் ஒலிவேகத்தின் அருகே செல்ல முடியாது. எந்திரத்தின் காற்றுவாயும் வெளியேறும் வாயுவும் பின்னுடலில் எவ்வளவு இழுவையை உண்டாக்கும் என்பதை அது சொல்லாது. மெதுவாகப் பறக்கும்போது இவ்விமானம் விமானிகளின் பாராட்டைப் பெற்றதும், வேகத்தில் எதிர்பார்த்த அளவை எட்டாததும், கிளைடர் சோதிக்க முடிந்ததற்கும் முடியாததற்கும் இடையிலான கோட்டை ஏறக்குறைய ஒட்டியே அமைந்தன என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது கடினம். வேகக் குறைவுக்கு எந்திரமே முதற்காரணம் என்றாலும்.

மாருத் என்று பெயர்பெற்ற எச்எஃப்-24இன் முதல் மாதிரி 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸின் கையில் பறந்தது. ஒரு வாரம் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னிலையில் மீண்டும் பறந்து காட்டப்பட்டது. பெங்களூருவின் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 888 மீட்டர் உயரத்தில் உள்ளமையால், வெயில் மிகுந்த பகலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி, கணக்கீடுகளுக்கு அடிப்படையாகக் கொள்ளும் கடல்மட்டக் காற்றைவிட ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். இறக்கையின் தூக்குவிசையும் எந்திரத்தின் உந்துவிசையும் ஒருசேரக் குறையும் இச்சூழலில்தான், உந்துவிசை போதாத ஒரு விமானம் தன் சோதனைகளை நடத்தவேண்டியிருந்தது. டாங்கின் வடிவம் பிரிட்டனின் ஓர்ஃபியஸ் 12 என்னும் எந்திரத்தை நம்பி வகுக்கப்பட்டது. ஆஃப்டர்பர்னர், அதாவது வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளைத் தெளித்து எரித்து விசையைக் கூட்டும் அமைப்பு கொண்ட அவ்வெந்திரம் ஒவ்வொன்றும் 8,170 பவுண்டு உந்துவிசையைத் தரவேண்டும். அதன் உருவாக்கத்தைத் தொடர பிரிட்டிஷ் நிறுவனம் கேட்ட பணத்தைக் கொடுக்க இந்திய அரசு இசையாததால் அத்திட்டம் நின்றது. நாட் போர் விமானத்துக்காகப் பெங்களூருவிலேயே உரிமம்பெற்றுச் செய்யப்பட்டுவந்த ஓர்ஃபியஸ் வரிசையைச் சேர்ந்த 703 எந்திரங்கள் இரண்டு, 4,850 பவுண்டு வீதம், மாருத்தில் பொருத்தப்பட்டன. திட்டமிட்டதில் அறுபது விழுக்காட்டு விசையோடு பறந்த விமானம் ஒலிவேகத்தைச் சற்றே தொட்டதோடு நின்றது.

அடுத்த பத்தாண்டுகள் வேறு எந்திரத்தைத் தேடுவதில் கழிந்தன. எகிப்தில் ஆஸ்திரியரான ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் உருவாக்கிவந்த இ-300 எந்திரம் ஒரு மாருத்தில் பொருத்தப்பட்டு 1967இல் அங்கே பறந்தது. அம்முயற்சியும் 1969இல் முடிவுக்கு வந்தது. 703 எந்திரத்துக்கே ஆஃப்டர்பர்னர் சேர்த்த மாதிரியைச் சோதித்தபோது, 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் பெங்களூருவில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து தொழிற்சாலைப் பக்கம் செல்லும் சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. டாங்க் 1967இலேயே தொழிற்சாலையை விட்டு விலகியிருந்தார். மொத்தம் 147 மாருத்கள் கட்டப்பட்டன. 1971 டிசம்பர்ப் போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைத்தாக்குதலில் ஈடுபட்ட அவற்றுள், குண்டடிபட்டு ஒரு எந்திரம் நின்றபின்பும் மற்றொன்றின் துணையால் தளத்துக்குத் திரும்பியவையும் உண்டு.

சிமுலேட்டரில் மாருத்தைச் சேர்க்க முனைபவருக்கு இங்கே பெரிய ஆசை ஒன்று காத்திருக்கிறது. அட்டவணையில் 4,850 என்னும் எண்ணை அழித்து 8,170 என்று எழுதினால், வரலாறு மறுத்துவிட்ட இருமடங்கு ஒலிவேக மாருத் ஒரு நொடியில் பிறந்துவிடும்போலத் தோன்றும். ஆனால் எந்திரம் மாறினால் அது உறிஞ்சும் காற்றின் அளவு மாறும், அதற்கேற்பக் காற்றுவாயின் வடிவம் மாறும், பின்னுடல் பருத்து இழுவை கூடும், எரிபொருள் விரைவாகத் தீரும், எடை மையம் நகரும். ஆஃப்டர்பர்னர் சேர்த்த மாதிரிகளில் பொறியாளர்கள் மோதிய சிக்கல்களெல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை. நிரல் இவற்றையெல்லாம் தானாக மாற்றிக்கொள்ளாது. மாற்றாத எண்கள் மாறிய எண்ணுக்குப் பணிந்து, விமானம் கேட்ட வேகத்தில் பறந்து காட்டும். ஓர்ஃபியஸ் 12 வந்திருந்தால் மாருத் உலகத்தரமான விமானமாகியிருக்கும் என்று இந்தியாவில் அடிக்கடி எழுதப்படும் வாக்கியத்துக்கும் இந்தத் திரை விமானத்துக்கும் இடையே வேறுபாடு குறைவு. பின்னுடலின் இழுவை என்னும் எண் இரண்டிலும் விட்டுப்போயிருக்கிறது.

விமானம் பறக்கும் முன்பே அதைப் பறக்கவைத்துப் பார்க்கும் கலை, டாங்கின் கிளைடருக்குப்பின் பெங்களூருவில் நிறுவன வடிவம் பெற்றது. 1959இல் உருவான தேசிய வானூர்தியியல் ஆய்வகம், பி. நீலகண்டனை முதல் இயக்குநராகக் கொண்டு, மைசூர் மகாராஜாவின் அரண்மனைக் குதிரை லாயங்களில் பெங்களூருப் பணியைத் தொடங்கியது. 1967இல் வந்ததாக மேலே சொன்ன பெரிய காற்றுச் சுரங்கம் இவ்வாய்வகத்துடையதே. ஆய்வகம் உருவான அதே காலத்தில் தொடங்கிய, ஏடிஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாதுகாப்புத் துறையின் வானூர்தி மேம்பாட்டு நிறுவனம், பின்னாளில் சிமுலேட்டர்களுக்குப் பெயர்பெற்றது.

தேஜஸ் போர் விமானம் வந்தபோது சிமுலேட்டரின் இடம் அடியோடு மாறியது. மாருத் இயல்பிலேயே நிலைத்தன்மை உடைய விமானம். கைவிட்டாலும் தானே நேர்நிலைக்குத் திரும்ப முயலும். தேஜஸோ, விரைந்து திரும்புவதற்காக வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. நொடிக்குப் பலமுறை கணினி திருத்திக்கொண்டிராவிட்டால் அதை எந்த விமானியாலும் ஓட்ட முடியாது. விமானியின் கையசைவைக் கட்டுப்பாட்டுப் பலகைகளின் அசைவாக மாற்றும் விதிகளை வகுக்க 1992இல் தேசியக் குழு அமைந்தது. அவ்விதிகளைச் சோதனை விமானிகள் ஏடிஇயின் சிமுலேட்டரில் அமர்ந்து மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்துக் குறைசொல்ல, பொறியாளர்கள் எண்களைத் திருத்தினர். 1996இல் அதே விதிகள் அமெரிக்காவில் விஸ்டா என்னும் எஃப்-16 விமானத்தில் ஏற்றிப் பார்க்கப்பட்டன. மற்றொரு விமானத்தைப்போல நடந்துகொள்ளும்படி தன் குணத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய அந்த விமானம், வானில் பறக்கும் சிமுலேட்டர். டகோட்டாவின் கயிற்றில் மேலேறிய மரக் கிளைடருக்கு முப்பத்தேழு ஆண்டு இளைய உறவு. 1998இன் பொக்ரான் அணுச்சோதனையைத் தொடர்ந்து வந்த தடையால் அமெரிக்காவில் வேலைசெய்த இந்தியப் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட, எஞ்சிய வேலை பெங்களூருவில் முடிக்கப்பட்டது. 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸைப் பறக்கவிட்டபோது, அதன் குணத்தைப் பல நூறு மணிநேரம் தரையில் பழகியிருந்த குழு அவருக்குப் பின்னால் இருந்தது. மாருத்தின் முதல் பறத்தலுக்கு முன் சுரஞ்சன் தாஸுக்கு அவ்வசதியில் கிடைத்தது கிளைடர் மட்டுமே.

மாருத் இன்று பெங்களூருவில் ஹிந்துஸ்தான் நிறுவனத்தின் விமான அருங்காட்சியகத்திலும் கஸ்தூர்பா சாலையின் விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்திலும், டாங்கின் சொந்த நாட்டில் மியூனிக் அருகிலுள்ள ஷ்லைஸ்ஹைம் காட்சிக்கூடத்திலும் நிற்கிறது. வடிவத்தை அளந்துகொள்ள இவை போதும். பறத்தல் மாதிரியின் கடினமான பாதிக்கு, தொழிற்சாலையின் சோதனை அறிக்கைகளும் விமானிகளுக்கான கையேடுகளும் தேவை. நான்கு 30 மில்லிமீட்டர் துப்பாக்கிகளும் ஒருசேரச் சுடும்போது விமானம் எப்படி அதிர்ந்தது, ஒற்றை எந்திரத்தோடு பாலைவனத்தைக் கடக்கையில் எவ்வளவு சுக்கான் மிதிக்க நேர்ந்தது போன்றவற்றுக்கு அதை ஓட்டியவர்களின் சொல் தேவை. 1990ஆம் ஆண்டு வாக்கில் கடைசி மாருத்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றை ஓட்டியவர்களுள் மிக இளையவருக்கும் இப்போது அறுபது வயதை ஒட்டியிருக்கும், 1971இல் ஓட்டியவர்களோ எழுபதைக் கடந்துவிட்டவர்கள். டா 183க்குக் கேட்கவே ஆளில்லை. மாருத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் கேட்க முடியும்.